மாடி போர்ஷனுக்கு முன்பதிவு வரவேண்டுமா? முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள்

பெங்களூரில் நாள் வாடகைக்கு வீடு விடத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “வாடகையை இன்னும் எவ்வளவு குறைக்கலாம் அக்கா?” என்பதாகத்தான் இருக்கும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: “உங்கள் தெருவுக்கு வெளியூர்க்காரர் எதற்காக வருவார்?” பெரும்பாலானோர் விழிப்பார்கள். அதற்குப் பதில் தெரியாதவரை சோபாவை மாற்றினாலும், சுவரில் ஓவியம் மாட்டினாலும் நாள்காட்டி காலியாகத்தான் கிடக்கும்.

எங்கள் வீடு அல்சூரில், ஏரிக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் இடையே ஒரு குறுகிய குறுக்குத் தெருவில் இருக்கிறது. கீழே நானும் என் கணவரும். மாடியில் இரண்டு படுக்கையறை, கூடம், சமையலறை, துணி காயப்போடும் அளவுக்கு ஒரு சிட்அவுட். லிஃப்ட் கிடையாது. கார் நிறுத்த இடம் கிடையாது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மாமியின் துளசி மாடம் தெரியும், ஏரி தெரியாது. இத்தனை குறைகளோடும் மாடி மாதத்தில் பெரும்பாலான இரவுகள் நிரம்புகிறது என்றால், அதற்குக் காரணம் நாங்கள் எல்லோரையும் கூப்பிடுவதில்லை என்பதுதான்.

யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள்

ஒரு நோட்டை எடுத்து இரண்டு பட்டியல் போடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இடங்கள் ஒன்று. ஆட்டோவில் கால் மணி நேரத்தில் போகக்கூடியவை இன்னொன்று. கூகுள் வரைபடத்தைப் பார்த்து எழுதுவது போதாது. தெருமுனை ஆட்டோ நிறுத்தத்தில், “அண்ணா, வெளியூர் ஆட்கள் ஏறினால் எங்கே விடச் சொல்கிறார்கள்?” என்று கேளுங்கள். கல்யாண மண்டப மேனேஜரிடம், பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் அறை கிடைக்காமல் எங்கே அலைகிறார்கள் என்று கேளுங்கள். மருத்துவமனை வாசல் மருந்துக் கடைக்காரருக்கு, எந்த ஊர் நோயாளிகள் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்பது மருத்துவரைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் பட்டியல் இப்படி வந்தது. சுற்றுவட்டாரத்தில் கல்யாண மண்டபங்கள். பழைய விமான நிலையச் சாலையில் மணிப்பால் மருத்துவமனை. அல்சூர் மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் எம்.ஜி. ரோடு, எதிர்ப்பக்கம் அதே ஊதா வழித்தடத்தில் ஒயிட்ஃபீல்டுவரை நேராகப் போகலாம். கண்டோன்மென்ட் ரயில் நிலையம் ஆட்டோ தூரம். கோயம்புத்தூர், மதுரை வந்தே பாரத் ரயில்கள் வந்து நிற்பது அங்கேதான். அப்புறம் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கமும், 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும். சிலையைப் பார்ப்பதற்கென்றே யாரும் அறை எடுப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிற பெரியவர்கள் நடைப்பயிற்சி போகும்போது அங்கே நின்று ஒரு படம் எடுக்காமல் திரும்புவதில்லை.

பட்டியலில் வராததையும் எழுதிக்கொள்ளுங்கள். கெம்பேகௌடா விமான நிலையம் எங்களுக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். விடியற்காலை விமானம் பிடிக்கவேண்டியவர் எங்கள் வீட்டில் தங்கினால் அவருக்குத் தூக்கமும் இருக்காது, எனக்கு நல்ல மதிப்புரையும் கிடைக்காது. அப்படி யாராவது கேட்டால் தேவனஹள்ளி, எலகங்கா பக்கம் பாருங்கள் என்று நானே சொல்லிவிடுவேன்.

ஆக, எங்களுக்கு மூன்று வகை ஆட்கள்: கல்யாணத்துக்கு வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள், நோயாளியோடு துணைக்கு வருகிறவர்கள், பயிற்சிக்கோ புது வேலைக்கோ வந்து ஒரு மாதம் தங்கும் இளைஞர்கள். உங்கள் வீடு ஓசூர் சாலையில் இருந்தால் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை, கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, பன்னேர்கட்டா சாலையில் ஜெயதேவா இதய மருத்துவமனை, பொம்மசந்திராவில் நாராயணா மருத்துவமனை. எலகங்காவில் இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் விமானப்படைத் தளத்தில் நடக்கும் ஏரோ இந்தியா கண்காட்சி. மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர் என்றால் இந்திய அறிவியல் கழகத்துக்கு வரும் ஆய்வு மாணவர்களும் அவர்களைப் பார்க்க வரும் பெற்றோரும். இரண்டோ மூன்றோ வகையைத் தேர்ந்துகொண்டு மற்றவர்களை விட்டுவிடுங்கள். விளம்பரத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும், வாங்கிப் போடும் ஒவ்வொரு பொருளும் இவர்களுக்காகத்தான்.

தலைப்பும் வர்ணனையும்

நாள் வாடகை வீடுகளை முன்பதிவு செய்யும் இணையதளமான ஏர்பிஎன்பியில் பெங்களூர் என்று தேடினால் “அமைதியான, அழகான, வசதியான இரண்டு படுக்கையறை வீடு” என்ற பொருளில் நூற்றுக்கணக்கான தலைப்புகள் வரும். அசிங்கமான, இரைச்சலான வீடு என்று யார்தான் எழுதுவார்? அந்த மூன்று சொல்லும் இடத்தை அடைத்துக்கொள்வதோடு சரி. எங்கள் தலைப்பைத் தமிழில் சொன்னால் இதுதான்: “அல்சூர் மெட்ரோ 7 நிமிட நடை, 6 பேருக்கு இடம், முழுச் சமையலறை.” கைப்பேசியில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் இடம் முதலில்.

வர்ணனையின் முதல் பத்தியில் தூரத்தை நிமிடத்தில் எழுதுங்கள். “மருத்துவமனைக்கு அருகில்” என்பதை யாரும் நம்புவதில்லை. “மருத்துவமனைக்கு ஆட்டோவில் 15 நிமிடம், மாலை 6 மணிக்கு மேல் 30 நிமிடம்” என்றால் நம்புவார்கள். போக்குவரத்து நெரிசலை மறைக்காமல் எழுதுகிறவர் மற்றதையும் மறைக்கமாட்டார் என்று தோன்றும்போல.

இரண்டாவது பத்தியில் குறைகள். நான் எழுதியிருப்பது: “மாடிக்கு 19 படிகள், லிஃப்ட் இல்லை. கார் நிறுத்த இடமில்லை. இருசக்கர வண்டி ஒன்று நிறுத்தலாம். காலை 6 மணிக்குக் கோயில் மணி கேட்கும்.” என் மருமகள் இதைப் படித்துவிட்டு, “அத்தை, ஆளை விரட்டுகிறீர்களா?” என்றாள். விரட்டத்தான் செய்கிறேன், முழங்கால் வலிக்காரர்களையும் பெரிய கார் வைத்திருப்பவர்களையும். அவர்கள் வந்துவிட்டு நான்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனால் நட்டம் எனக்கு. சிறந்த வீட்டுக்காரர் என்று ஏர்பிஎன்பி தரும் சூப்பர்ஹோஸ்ட் பட்டத்துக்கு ஐந்துக்குச் சராசரி 4.8 வேண்டும். பிற இடங்களில் நான்கு நல்ல மதிப்பெண். இங்கே நான்கு என்றால் உங்கள் சராசரியைக் கீழே இழுக்கும் மதிப்பெண்.

2024 கோடையில் பெங்களூரின் தண்ணீர்த் தட்டுப்பாடு நாடெங்கும் செய்தியானதிலிருந்து, “தண்ணீர் வருமா?” என்று கேட்காமல் யாரும் பணம் கட்டுவதில்லை. கேள்வி வரும்வரை காத்திருக்காமல் எழுதிவிடுங்கள்: காவிரிக் குடிநீர் இணைப்பு இருக்கிறதா, சம்ப் (தரைக்கடித் தொட்டி) எத்தனை லிட்டர், மேல்தொட்டி எத்தனை லிட்டர், குடிக்க ஆர்ஓ தண்ணீரா கேனா. மின்சாரம் போனால் இன்வர்ட்டரில் எவையெவை ஓடும் என்பதையும் அதோடு சேருங்கள். மின்விசிறியும் விளக்கும் வைஃபையும் ஓடும், கீசர் ஓடாது என்று தெளிவாக இருந்தால் இரவு பதினொரு மணிக்கு உங்கள் கதவைத் தட்டமாட்டார்கள்.

விளம்பரம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் கடைசிப் பத்தியை நான் தமிழில் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கீழ்தளத்திலேயே இருக்கிறோம், தமிழில் பேசலாம், அம்மா அப்பாவை மட்டும் அனுப்புகிறவர்கள் கவலைப்பட வேண்டாம் என்று நான்கு வரி. அமெரிக்காவில் இருக்கிற மகன் சேலத்தில் இருக்கிற பெற்றோருக்காக அறை எடுக்கும்போது, அந்த நான்கு வரிதான் முடிவு செய்கிறது. பலர் செய்தி அனுப்பும்போதே அதைக் குறிப்பிடுகிறார்கள்.

படங்கள்

படக்காரரை அழைப்பதில் தவறில்லை. ஆனால் அகல லென்ஸ் போட்டு பத்தடி அறையைக் கல்யாண மண்டபமாகக் காட்டிவிடுவார், பிறகு வருகிறவர் முகம் சுருங்கும். கைப்பேசியே போதும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், திரைச்சீலையை ஒதுக்கி, அறை மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில், கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுங்கள். முகப்புப் படமாக உங்கள் வீட்டின் பெரிய பலம் எதுவோ அதைப் போடுங்கள். எங்களுக்குச் சமையலறை. குழாய், அடுப்பு, குக்கர், இட்லிப் பானை எல்லாம் ஒரே படத்தில். கட்டில்மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்த படம் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

பலர் விட்டுவிடும் மூன்று படங்கள்: வெளிக் கதவு, மாடிப்படி, கழிவறை. முதல் இரண்டும் வீட்டைக் கண்டுபிடிக்கவும் ஏற முடியுமா என்று பார்க்கவும். மூன்றாவது, சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி. தரை காய்ந்திருக்கட்டும், வாளி கவிழ்ந்திருக்கட்டும்.

வாளியில் ஆரம்பியுங்கள்

வாளி என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த நகரத்தில் புதிதாகக் கட்டிய அழகழகான அடுக்கக வீடுகளில் கண்ணாடித் தடுப்பு, மழைபோல் கொட்டும் ஷவர், எல்லாம் இருக்கும்; வாளியும் சொம்பும் இருக்காது. நம் ஊர்ப் பெரியவர்கள் அங்கே ஒருநாள் தங்கிவிட்டுப் படும் பாட்டை என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெரிய வாளி, இரண்டு மக், ஒரு சின்ன ஸ்டூல். செலவு ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. மதிப்புரைகளில் இதைப் பாராட்டாத குடும்பம் குறைவு.

கல்யாணத்துக்கு வரும் குடும்பத்தின் விடியற்காலையை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. வீட்டை விட்டு ஐந்தேகாலுக்குக் கிளம்ப வேண்டும். ஆறு பேர், ஒரு மணி நேரத்துக்குள் குளிக்க வேண்டும். பதினைந்து லிட்டர் கீசர் மூன்றாவது ஆளோடு கையை விரித்துவிடும். நான்காவது ஆள் மாமியாராக இருந்தால் அன்றைய கல்யாணமே கசந்துவிடும். இருபத்தைந்து லிட்டர் கீசர் போட்டோம், இன்னொரு குளியலறையில் கேஸ் கீசர். கேஸ் கீசர் வைக்கிறவர்கள் சிலிண்டரைக் கட்டாயம் வெளியே வையுங்கள்; காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும்படி கண்ணாடிச் சட்டத்தில் இரண்டை நான் கழற்றியே வைத்திருக்கிறேன்.

பிறகு பட்டுப்புடவை. பெட்டியில் மடித்து வந்த புடவையைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டி வேண்டும். அதை வைத்துத் தேய்க்க மேசை வேண்டும். கட்டியபின் கால்வரை பார்க்க ஆளுயரக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடி இருக்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும். எங்கள் கண்ணாடி முதலில் படுக்கையறை இருட்டு மூலையில் இருந்தது; பெண்கள் எல்லோரும் கைப்பேசி டார்ச்சோடு நிற்பதைப் பார்த்துக் கூடத்துக்கு, ட்யூப்லைட் எதிரே கொண்டுவந்துவிட்டோம். பக்கத்தில் ஒரு டப்பாவில் ஊக்கு, ஊசி நூல், ஸ்டிக்கர் பொட்டு, தலைமுடிப் பின். பூ எங்கே கிடைக்கும் என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்: சோமேஸ்வரர் கோயில் பக்கத்துக் கடைவீதி. எப்போதும் வரும் ஆட்டோக்காரர் இருவரின் எண்களையும் கேட்டால் கொடுப்பேன். விடியற்காலையில் செயலியில் வண்டி பிடிப்பதை நம்பி முகூர்த்தத்தைத் தவறவிட முடியாது.

நோயாளிக் குடும்பத்துக்கு வேறு பட்டியல். கஞ்சி வைக்கச் சின்னக் குக்கர், மிக்ஸி, பிளாஸ்க், மேற்கத்திய கழிவறையில் பிடிமானக் கம்பி, அடுத்தடுத்து அலசிப்போடக் கொடியும் கிளிப்பும். குளிர்சாதனப் பெட்டியில் மருந்து வைக்க ஒரு தட்டைக் காலியாக விட்டிருக்கிறேன். துணைக்கு வந்தவர்கள் தரையில் படுத்துக்கொள்ள இரண்டு பாய். ஒரு மாதம் தங்கும் இளைஞர்களுக்கு நல்ல மேசை, முதுகு சாயும் நாற்காலி, வேகமான இணையம், துணி துவைக்கும் இயந்திரம், இவை போதும். அவர்கள் பாய் கேட்பதில்லை, காப்பிப் பொடி எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார்கள்.

ஐந்தரை மணிக்கு வந்து இறங்குகிறவர்கள்

தமிழ்நாட்டிலிருந்து இரவுப் பேருந்தில் கிளம்புகிறவர்கள் விடிவதற்குள் மடிவாலாவிலோ சாந்திநகரிலோ இறங்கிவிடுவார்கள். வீட்டு விளம்பரங்களிலோ “செக்-இன் பிற்பகல் 2 மணி” என்று போட்டிருக்கும். நடுவில் எட்டு மணி நேரம் பெட்டியும் குழந்தையும் கழிவறைத் தேவையுமாக ஒரு குடும்பம் எங்கே போகும்? முன்பதிவை நழுவவிடும் இடங்களில் இதைப்போல் பெரியது வேறில்லை என்பேன்.

எங்கள் விளம்பரத்தில் இப்படி எழுதியிருக்கிறது: “முந்தைய இரவு காலியாக இருந்தால் காலை 6 மணிக்கே அறை தருகிறோம், பாதி நாள் கட்டணம். ஆள் இருந்தால், கீழே முன்னறையில் பெட்டிகளை வைத்துவிட்டு, கை கால் கழுவி, காப்பி குடித்துவிட்டுப் போகலாம், கட்டணம் இல்லை.” முன்னறையை ஒட்டி ஒரு வெளிக் கழிவறை ஏற்கெனவே இருந்தது. அதற்கு நல்ல தாழ்ப்பாளும் விளக்கும் போட்டதோடு சரி. அந்த இரண்டு வரியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்தோம் என்று சொல்லும் குடும்பங்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை 7 மணிக்குத்தான் தொடங்கும் என்பதையும் முன்கூட்டியே செய்தியில் சொல்லிவிடுவேன். சனிக்கிழமை இரவு ஏறுகிறவர்களுக்கு அது தெரியாது.

வந்தே பாரத்தில் வருகிறவர்கள் மதியவாக்கில் வந்து சேர்வதால் சிக்கல் இல்லை. ஆனால் அவர்களுக்குப் பசி. பக்கத்தில் மூன்று மணிக்கு மேலும் சாப்பாடு போடும் மெஸ் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை

விலை வைப்பதற்குச் செயலி தரும் யோசனையைப் பார்க்கிறேன். ஆனால் முடிவு எடுப்பது சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரை வைத்து. சுப முகூர்த்த நாள் என்று எங்கெல்லாம் போட்டிருக்கிறதோ, அந்த நாளுக்கும் முந்தைய இரவுக்கும் விலையை ஏற்றிவிடுவேன், ஆறு மாதம் முன்பே. கல்யாணக்காரர்கள் பத்திரிகை அடிக்கும்போதே அறை தேடத் தொடங்கிவிடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. பெங்களூரில் இன்னொரு கணக்கும் உண்டு: கன்னட, தெலுங்குக் குடும்பங்கள் ஆஷாட மாதத்தைத் தவிர்ப்பார்கள்; அவர்களுடையது சந்திரனை வைத்து மாதம் கணக்கிடும் சந்திரமானம் என்பதால் பெரும்பாலும் நம் ஆடிக்கு முன்பே தொடங்கிவிடும். அதனால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை மண்டபங்கள் தூங்கும். அந்த மாதங்களை நாள் கணக்கில் நிரப்ப முயன்று வீணாகாதீர்கள். 28 இரவுக்கு மேல் தங்கினால் தரும் மாதத் தள்ளுபடியை அப்போது தாராளமாக்கி, பயிற்சிக்கு வரும் இளைஞரையோ நீண்ட சிகிச்சைக்கு வரும் குடும்பத்தையோ பிடித்துவிடுங்கள்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். இரவுக்கு 3,200 ரூபாய் வீதம் 28 இரவு என்றால் 89,600. முப்பத்தைந்து சதவீதம் தள்ளினால் 58,240. பார்க்க நட்டம்போல் இருக்கும். ஆனால் மந்தமான மாதத்தில் நாள் கணக்கில் பாதி இரவுதான் நிரம்பும், அதாவது 44,800. அதிலும் ஒவ்வொரு குடும்பம் போனதும் சுத்தம் செய்யும் கூலி, படுக்கை விரிப்புச் சலவை, உங்கள் தூக்கம் எல்லாம் கழியும். மாத வாடகைக்காரருக்கு மின்கட்டணத்தில் ஒரு வரம்பு மட்டும் முன்பே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும் கட்டணத்தைத் தனியாகப் போடுவதில் கவனம் வேண்டும். 600 ரூபாய் என்பது ஐந்து இரவு தங்குகிறவருக்கு உறைக்காது. ஒரே இரவுக்கு வருகிறவரின் மொத்தத்தில் பெரிதாகத் தெரியும். எங்களுக்கு ஒற்றை இரவுக் குடும்பங்கள் அதிகம் என்பதால் அதை எடுத்துவிட்டு வாடகையிலேயே சேர்த்துவிட்டோம். விருந்தினருக்குத் தெரியும் கடைசித் தொகையில் தளத்தின் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கும். ஒரு இரவுக்கு 7,500 ரூபாய்வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 5 சதவீதம். அதற்கு முன் 12. கணக்கில் நுழையாமல், விருந்தினர்போலத் தேதி போட்டுத் தேடி உங்கள் வீட்டின் மொத்தத் தொகையைப் பக்கத்துத் தெரு வீடுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டி அந்தத் தொகையில்தான்.

புது வீடு என்றால் ஏர்பிஎன்பியில் முதல் மூன்று முன்பதிவுகளுக்கு 20 சதவீதத் தள்ளுபடி தரும் வசதி இருக்கிறது. அதைத் தயங்காமல் போடுங்கள். மதிப்புரையே இல்லாத வீட்டில் தங்கத் துணிகிறவருக்கு ஏதாவது கொடுக்கத்தானே வேண்டும். சொந்தக்காரர்களைத் தங்கியதாகக் காட்டி மதிப்புரை எழுதவைக்கிற வேலை வேண்டாம். தளமும் கண்டுபிடிக்கும், படிக்கிறவரும் கண்டுபிடிப்பார்.

வார இறுதியில் “குறைந்தது இரண்டு இரவு” என்று போடுகிற பழக்கம் பலருக்கு உண்டு. கல்யாணத்துக்கு வருகிறவர் சனி இரவு மட்டும்தான் தங்குவார், ஞாயிறு மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார். ஆகவே முகூர்த்த நாட்களில் ஒரு இரவுக்கே திறந்து வையுங்கள். இரண்டு முன்பதிவுக்கு நடுவே ஒற்றை இரவு மாட்டிக்கொண்டால், அதைக் கொஞ்சம் விலை குறைத்து, ஏற்கெனவே தங்கியிருப்பவரிடமே முதலில் கேளுங்கள்: “இன்னும் ஒரு நாள் இருக்கிறீர்களா?” பாதிப் பேர் ஆமென்பார்கள்.

பதில் சொல்வது

வேகமாகச் சொல்லுங்கள். சூப்பர்ஹோஸ்ட் ஆக 90 சதவீதச் செய்திகளுக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும் என்பது தளத்தின் கணக்கு. நிஜத்தில் நமக்கு இருப்பது பத்து நிமிடம். ஒரே நேரத்தில் நான்கு வீட்டுக்காரர்களுக்குச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் காத்திருக்கிறார்கள். முதலில் ஒழுங்காகப் பதில் சொல்கிறவருக்கு வீடு போகிறது.

ஒழுங்காக என்றால், கேட்காததையும் சேர்த்து. போன வைகாசியில் வந்த கேள்வி: “ஆறு பேர், அதில் எழுபது வயது தாண்டிய இருவர். வசதியாக இருக்குமா?” ஆமாம், வசதியாக இருக்கும் என்று முடித்திருக்கலாம். நான் அனுப்பியது: “வணக்கம் சார். மாடிக்கு 19 படிகள், நடுவில் நின்று மூச்சுவாங்க ஒரு திருப்பம் உண்டு, இருபுறமும் கைப்பிடி. படம் அனுப்புகிறேன். ஒரு கழிவறை மேற்கத்திய வகை, பிடிமானக் கம்பியோடு. எந்த மண்டபம் என்று சொன்னால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்கிறேன்.” அரை மணி நேரத்தில் பணம் கட்டிவிட்டார்.

பேச்சு எல்லாம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே நடக்கட்டும். “கமிஷன் மிச்சம், நேராகக் கட்டிவிடுகிறேன்” என்று வெளியே இழுக்கிறவர்களிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தகராறு வந்தால் உங்கள் பக்கம் நிற்க ஒரு துண்டு ஆதாரமாவது வேண்டும்.

மதிப்புரை

ஏர்பிஎன்பியில் இரு தரப்புக்கும் 14 நாள் அவகாசம். இருவரும் எழுதியபிறகோ அவகாசம் முடிந்தபிறகோதான் வெளியே தெரியும். நம் ஆட்கள் வாயாரப் பாராட்டிவிட்டு எழுத மறந்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு எழுதத் தெரியாது, கணக்கு மகன் பெயரில் இருக்கும். அதனால் அவர்கள் கிளம்பிய மறுநாள் மகனுக்குத்தான் செய்தி அனுப்புவேன்: அம்மா சௌக்கியமாக ஊர் சேர்ந்தார்களா என்று கேட்டு, அதே செய்தியில், முடிந்தால் இரண்டு வரி எழுதுங்கள், படி ஏறுவது எப்படி இருந்தது என்றும் எழுதினால் அடுத்தவருக்கு உதவும் என்று. ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று கேட்பதில்லை. எதைப் பற்றி எழுதலாம் என்று சொன்னால் போதும். வெறுமனே “நல்ல வீடு” என்பதைவிட “எங்கள் அம்மா 72 வயது, படி ஏற முடிந்தது” என்ற வரி உங்களுக்கு இன்னும் பத்துக் குடும்பத்தைக் கொண்டுவரும்.

மோசமான மதிப்புரை வந்தால் கோபம் தணியும்வரை பதில் எழுதாதீர்கள். பிறகு மூன்று வரிக்குள்: நடந்தது என்ன, என்ன மாற்றியிருக்கிறோம், நன்றி. உங்கள் பதிலைப் படிக்கப்போவது எழுதியவர் அல்லர், அடுத்து வரப்போகிறவர்.

காகிதங்கள், அக்கம்பக்கம்

அடுக்ககமாக இருந்தால் சங்கத்தின் விதிகளை முதலில் படியுங்கள்; பாதியில் சங்கம் தடுத்தால் உறுதிசெய்த முன்பதிவுகளை நீங்களே ரத்துசெய்ய நேரும், அதைவிட வேகமாக வீட்டின் பெயரைக் கெடுப்பது எதுவுமில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் அவர் விவரத்தைப் பதிய வேண்டும். இந்தியர் என்றாலும் எல்லோருடைய அடையாள அட்டையும் வாங்கிப் பாருங்கள். வீட்டுக்குள் கண்காணிப்புக் கேமரா கூடவே கூடாது. ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து அதை முழுவதும் தடைசெய்துவிட்டது. வாசலில் இருந்தால் விளம்பரத்தில் சொல்லிவிட வேண்டும். உரிமம், வருமானவரி விஷயங்களைக் கணக்கர் ஒருவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசித் தீர்த்துவிடுங்கள்.

எதிர்வீட்டு மாமிக்கு ஒவ்வொரு குடும்பம் வரும்போதும் முன்னாலேயே சொல்லிவிடுவேன்: எத்தனை பேர், எந்த ஊர், எத்தனை நாள். இரவு பத்துக்கு மேல் மொட்டை மாடியில் பேச்சு கூடாது என்பது எங்கள் வீட்டு விதி; அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. மாமி இப்போதெல்லாம் புகார் சொல்வதில்லை. போன மாதம் அவரே ஒரு முன்பதிவு கொண்டுவந்தார்: அவர் தங்கை பேத்திக்கு நிச்சயதார்த்தம், பிள்ளை வீட்டார் எட்டுப் பேர். ஆறு பேருக்குத்தான் இடம் என்றேன். மீதி இருவரை அவர் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொண்டார்.